தாய்மாமரம்

இதில் ஒருவரைப் பற்றிக் கடைசிவரை 'அவர்' என்றுதான் எழுதப்போகிறேன். வெறும் மரியாதைக்காக அல்ல. அவர் ஆணா பெண்ணா என்று சொன்னால்தான் மேலே படிப்பேன் என்று யாராவது அடம்பிடித்தால், இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். பெயரும் சொல்ல மாட்டேன். "பேரைப் போட்டுராதீக. பேரைப் பாத்ததும் எல்லாம் கண்டுபிடிச்சிட்ட மாதிரி ஒரு சிரிப்புச் சிரிப்பாக. அந்தச் சிரிப்பு எனக்கு ஆகாது" என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

சிவகாசியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த அச்சகத்தில் அவருக்குப் பெயர் 'புரூப்பு'. அச்சுக்குப் போகும் ஒவ்வொரு தாளையும் முதலில் படித்துப் பிழை திருத்துவது அவர் வேலை. பட்டாசு லேபிள், தினசரி காலண்டர், கல்யாணப் பத்திரிகை, தீப்பெட்டி ஆபீஸ் நோட்டீஸ் எதுவானாலும் அவர் கண்ணைத் தாண்டாமல் மிஷினுக்குப் போகாது. நான் கம்ப்யூட்டரில் அடித்துப் பக்கம் கட்டும் ஆபரேட்டர். இரண்டாயிரங்களின் நடுவில் மூன்று வருடம் அங்கே இருந்தேன். மூன்று வருடமும் அவரோடு சண்டைதான்.

எப்போதும் வெள்ளை முழுக்கைச் சட்டை. தோள்வரை வளர்ந்த முடியைப் பின்னால் ஒரு ரப்பர் பேண்டில் இறுக்கிக் கட்டியிருப்பார். இரண்டு காதிலும் கடுகளவு கம்மல். சட்டைப் பையில் ஒரே ஒரு பேனா, சிவப்பு. காலையில் அவர் அந்தப் பேனாவின் மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டாலே முந்தின நாள் அடித்த பக்கங்களை எல்லாம் மனதில் புரட்ட ஆரம்பித்துவிடுவேன். நான் மூன்று அச்சகம் மாறி வந்தவள், எனக்கும் தமிழ் தெரியும் என்ற திமிர் உண்டு. அந்தத் திமிரை அவர் தினமும் ஓரத்தில் சுழித்துச் சுழித்து எழுதித் திருப்பி அனுப்புவார்.

வேலையில் சேர்ந்த முதல் நாள் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் முறை வைக்காமல் ஒருவரிடம் தண்ணீர்கூடக் கேட்க முடியாது. அண்ணே, அக்கா, மாமா, மதினி, சித்தப்பா, சின்னம்மா என்று ஏதாவது ஒன்று வாயில் வந்தாக வேண்டும். அதில் எதுவுமே ஆணா பெண்ணா என்று பார்க்காமல் வாயில் ஏறாது. நான் விழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு அவரே கேட்டார்.

"என்ன முறை வச்சுக் கூப்பிடன்னு யோசிக்கீகளா?"

"ஆமாங்க."

"புரூப்புன்னு கூப்பிடுங்க. செய்ற வேலைதான் என் முறை. நீங்க ஆபரேட்டரு. அந்தா பேப்பர் வெட்டுறாரே, அவரு கட்டிங்கு. இங்கன எல்லாரும் சொந்தக்காரவுகதான்."

சொந்தத் தங்கையைத் தவிர அவர் யாரையும் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. டீ கொண்டு வருபவரிலிருந்து முதலாளிவரை எல்லாருக்கும் 'வாங்க, போங்க'தான். "வந்தாக, போனாக, சொன்னாக" என்று நாங்கள் பேசுவதைக் கேட்டு, சென்னையிலிருந்து காலண்டர் ஆர்டர் கொடுக்க வந்த ஏஜென்ட் ஒருமுறை கேலி செய்தார். எனக்குச் சுருக்கென்றது. அவரோ தலை நிமிராமல் சொன்னார்: "எங்க ஊர்ப் பேச்சு இழுவைதாங்க. 'அவுக வந்தாக'ன்னு சொன்னா வந்தது ஆம்பளையா பொம்பளையான்னு தெரியாது. வந்துட்டாக, அம்புட்டுத்தான். அந்த இழுவைக்குள்ளதான் நான் குடியிருக்கேன்."

ஏஜென்டுக்கு அது புரியவில்லை. எனக்கும் அன்றைக்கு முழுதாகப் புரிந்தது என்று சொன்னால் பொய்.

அவருக்கு ஆகாத சொல் ஒன்று உண்டு. 'அது.' கட்டிங்கில் இருந்தவர் நல்ல மனிதர்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் மதியம், புரூப் மேசை காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "அது எங்க, சாப்பிடப் போச்சா?" என்று சத்தமாகக் கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை. அவர் வாசலிலேயே நின்றிருந்தார், கையில் தூக்குச்சட்டி. நேராக மேசைக்குப் போனார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். 'அது சாப்பிடப் போச்சா' என்று எழுதி, 'அது'வையும் 'போச்சா'வையும் சிவப்பில் அடித்து, 'அவுக சாப்பிடப் போனாகளா' என்று திருத்தி, ஓரத்தில் 'திணை வழு' என்று குறித்தார். அதைப் பசை தடவிக் கட்டிங் மிஷின் மேலேயே ஒட்டினார்.

"இது என்ன வழு?" என்றார் கட்டிங், கொஞ்சம் அசடு வழிய.

"பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீக. மனுசங்க உயர்திணை. ஆடு, மாடு, கல்லு, மரம் அஃறிணை. மனுசங்கள 'அது'ன்னு சொன்னா திணை வழு. தப்புன்னு அர்த்தம்."

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் புரூப்பு. பச்சைப்பிள்ளைய 'அது தூங்குது'ன்னு சொல்றதில்லையா?"

"சொல்லலாம். அதுக்குப் பேரு வழுவமைதி. பொம்பளைப் பிள்ளைய 'வாடா ராசா'ன்னு கொஞ்சுறோம்ல, அதுவும் தப்புத்தான். ஆனா பிரியத்துல சொன்னா இலக்கணமே மன்னிச்சு விட்டுரும். என்னையும் தொட்டில்ல கிடந்தப்போ 'அது பால் குடிச்சுச்சா'ன்னு எங்க அம்மா கேட்டிருப்பாக."

"அப்ப நானும் பிரியமாத்தான் சொன்னேன்னு வச்சுக்கோங்களேன்."

"பிரியமா சொன்னா எனக்குத் தெரியாதா?" என்றார்.

அந்தத் தாளை யாரும் கிழிக்கவில்லை. மிஷின் எண்ணெய் பட்டுப் பழுத்துப்போய் வருடக்கணக்கில் அங்கேயே இருந்தது. கட்டிங்கும் மாறிவிட்டார். கோபத்தில் திட்டும்போதுகூட, "இந்தப் புரூப்பு இருக்காகளே, மனுசரை நிம்மதியா வேலை பாக்க விட மாட்டாக" என்று மரியாதையாகத்தான் திட்டுவார்.

அவரை ஊர் சொன்ன சொற்களை எல்லாம் இங்கே எழுத மாட்டேன். வசவுச் சொற்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆனால் அப்போது நல்ல சொற்களும் வந்துகொண்டிருந்தன. பத்திரிகைகளில் 'அரவாணி' என்றார்கள், பிறகு 'திருநங்கை' என்று எழுத ஆரம்பித்தார்கள். நான் ஒருநாள் அந்தச் செய்தியைக் கத்தரித்து அவரிடம் நீட்டினேன், ஏதோ மருந்து கண்டுபிடித்துக் கொண்டுவந்தவளைப்போல. அவர் முழுதும் படித்தார். ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்தினார்.

"நல்ல சொல்லு. இதைக் கேட்டு வாங்குனவுக எம்புட்டு அடிபட்டிருப்பாகன்னு எனக்குத் தெரியும். அவுகளுக்கு அது பொருந்துது. எனக்கு அளவெடுக்காம தச்ச சட்டை மாதிரி இருக்கு. நான் நங்கையும் இல்ல, நம்பியும் இல்ல."

"அப்ப நீங்க என்ன?"

"சொல்லு கிடைக்கலன்னா என்ன செய்வோம் ஆபரேட்டரே?"

"இடம் விடுவோம்."

"அம்புட்டுத்தான். பொருந்தாத சொல்லைப் போட்டு ரொப்புறதுக்கு இடம் விடுறது மேலு."

அதுதான் அவருடைய வேதம். கையெழுத்துப் பிரதியில் ஒரு பெயர் விளங்காவிட்டால் நான் குத்துமதிப்பாக அடித்துவிடுவேன். அவர் அதை அடித்து, 'இடம் விடுக. கேட்டுப் போடுக' என்று எழுதுவார். கம்பெனியில் எல்லாருக்கும் காப்பீட்டுப் படிவம் நிரப்பியபோது, 'ஆ / பெ' என்ற கட்டத்தில் அவர் ஒன்றும் போடவில்லை. படிவம் இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாம் முறை முதலாளியே நேரில் வந்து, "ஒரு டிக்கு தானப்பா" என்றார். "ஒரு டிக்குதான் முதலாளி. அப்ப இல்லாமயே போகட்டும்" என்றார் அவர். படிவம் இல்லாமலே போனது. அதனால் அவருக்கு நஷ்டம்தான், அவருக்கும் அது தெரியும்.

ஆனால் அவரை வெறும் முரட்டுப் பிடிவாதக்காரர் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு பட்டாசுக் கம்பெனியிலிருந்து எச்சரிக்கைப் பலகைக்கு ஆர்டர் வந்தது. 'மருந்து அறைக்குள் செருப்புடன் நுழைபவன் வேலையிலிருந்து நீக்கப்படுவான்' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர் போனைப் போட்டு மேனேஜரிடம் கேட்டார்: "உங்க மருந்து ரூம்ல வேலை பாக்கிறது யாரு?"

"பாதிக்கு மேல பொம்பளைகதான்."

"அப்ப அவுக செருப்புப் போட்டு நடக்கலாமா?"

மேனேஜர் உடனே திருத்தச் சொன்னார். பலகையில் 'நுழைபவர், நீக்கப்படுவார்' என்று அச்சானது. "வெடிக்கு ஆம்பளை பொம்பளை தெரியாதுல்ல, சொல்லுக்கு மட்டும் எதுக்குத் தெரியணும்" என்று போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார். என் சின்னம்மா அப்படி ஒரு அறையில்தான் மருந்து செலுத்திக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவருடைய சிவப்பு மை மேல் எனக்கிருந்த எரிச்சல் பாதி குறைந்தது.

நாங்கள் இருவரும் ஆமத்தூரிலிருந்து ஒரே பஸ்ஸில் வருவோம். பஸ்ஸில் ஒரு பக்கம் 'மகளிர்' என்று எழுதியிருக்கும். இன்னொரு பக்கம் எழுதியிருக்காது, ஆனாலும் எழுதிய மாதிரிதான். அவர் இரண்டு பக்கமும் உட்கார மாட்டார். நேராகப் போய் டிரைவருக்குப் பக்கத்தில் சூடாக இருக்கும் எஞ்சின் பெட்டிமேல் துண்டை விரித்து உட்காருவார். "இதுல ஒண்ணும் எழுதல" என்பார். டிரைவரும் அதற்குப் பழகிவிட்டார். வேறு யாராவது அங்கே உட்கார வந்தால், "அது புரூப்பு சீட்டு, எந்திரிங்க" என்று எழுப்பிவிடுவார்.

இப்போது ஒரு தொழில் குறியைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கடைசியில் விளங்காது. பிழை திருத்துபவர் ஒரு சொல்லைத் தவறி அடித்துவிட்டு, பிறகு அந்தச் சொல்லே சரி என்று தோன்றினால், அடித்த சொல்லுக்குக் கீழே புள்ளி புள்ளியாக வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவார். அப்படியே விட்டுவிடு என்று அர்த்தம். மற்ற ஆபரேட்டர்களுக்கு எப்போதாவது அந்த 'இருக்கட்டும்' கிடைக்கும். எனக்குக் கிடைத்ததில்லை. "நீங்க தப்புப் பண்ணா முழுசாப் பண்றீக, மன்னிக்க இடமே வைக்க மாட்டேங்கீக" என்பார்.

நான் செய்ததிலேயே முழுசான தப்பு ஒன்றைப் பற்றித்தான் இவ்வளவு நேரமும் சொல்ல வந்தேன்.

அவருக்கு ஒரே ஒரு தங்கை. அப்பா அம்மா இல்லை. வீட்டில் அவரை மகனாகத்தான் வளர்த்தார்கள். இதைச் சொல்லாமல் மேலே நகர முடியாது, அவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். தங்கையைக் காரியாபட்டிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். மூன்று வயதில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தைக்குக் காது குத்த நாள் குறித்துவிட்டு, பத்திரிகை அடிக்கத் தங்கை எங்கள் அச்சகத்துக்கே வந்தாள்.

எங்கள் பக்கத்தில் காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். பத்திரிகையில் மாமன் பெயரைப் பெரிதாகப் போட வேண்டும். தங்கை என் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். முந்தானையைத் திருகிக்கொண்டே அவரிடம் சொன்னாள்.

"எங்க மாமனார் சொல்லிட்டாருண்ணே. முடியை வெட்டிட்டு, கம்மலைக் கழட்டிட்டு, வேட்டி கட்டி வந்தா நீ உக்காரலாமாம். இல்லாட்டி நம்ம சித்தப்பா மகனை உக்கார வச்சிருவாராம். ஒரு நாளைக்குத்தானேண்ணே?"

அவர் நாற்காலியை இழுத்துத் தங்கைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"வேட்டி துணிதானே, கட்டிக்கிடுறேன். முடி வளர்ந்துரும், வெட்டிக்கிடுறேன். கம்மலைக் கழட்டுன்னா, அதுவும் சரி. பிள்ளை என் மடியில உக்காரணும். அதுக்காக எதுவும் செய்வேன் தாயி. பத்திரிகையில 'மாமன்'னு மட்டும் போடாத."

"பிறகு எப்படிப் போட?"

அவர் சிவப்புப் பேனாவை எடுத்து, தங்கை எழுதிக்கொண்டு வந்த தாளில் 'தாய்மாமன்' என்ற சொல்லின் கடைசி ன்-ஐ அடித்து ர் போட்டார். தாய்மாமர்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "அப்படி ஒரு வார்த்தையே இல்ல புரூப்பு" என்றேன்.

"அரசன், அரசர். புலவன், புலவர். மாமன், மாமர். இலக்கணம் சரியாத்தானே இருக்கு? புழக்கந்தான் இல்ல. புழங்குனா வந்துரும்."

"மாமனாருன்னு போட்டுரலாமே" என்று நான் வேறு கேலி செய்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

தங்கை தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரிண்ணே. ஒரு எழுத்துத்தானே, யாரு உத்துப் பாக்கப் போறா" என்றாள்.

"ஆமா, ஒரு எழுத்துத்தான்" என்றார் அவர். "அந்த ஒரு எழுத்தை வாங்க எனக்கு முப்பத்து நாலு வருசம் ஆயிருக்கு."

தன் பெயர் இருக்கும் தாளைத் தானே புரூப் பார்க்கக் கூடாது என்பது அவர் வைத்திருந்த சட்டம். கண் தன் பெயரைப் பார்த்ததும் மற்றதை விட்டுவிடும் என்பார். அதனால் அந்தப் பத்திரிகையை என் பொறுப்பில் விட்டார். நான் அடித்தேன், பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. தீபாவளி லேபிள் சீசன் வேறு. அச்சுத் தகடுக்கான டிரேஸ் தாள் எடுக்கப் போகும் நேரத்தில் கரண்ட் போனது. பக்கத்தை நான் சேமித்து வைத்திருக்கவில்லை. கரண்ட் வந்ததும், தங்கை வாங்கிப் போகக் காத்திருக்கிறாளே என்று அவசர அவசரமாக மறுபடி அடித்தேன். அடித்துப் படித்தும் பார்த்தேன். கண்ணில் ஒன்றும் உறுத்தவில்லை. பத்திரிகை மிஷினுக்குப் போய், உலர்ந்து, மடிந்து, கட்டாகி, தங்கையோடு மதுரை பஸ் ஏறிவிட்டது.

நாலாம் நாள் கட்டிங்தான் மிச்சமிருந்த ஒரு பத்திரிகையை எடுத்துப் படித்துவிட்டுக் கத்தினார்: "ஏலே, இங்கன பாருங்கலே, புரூப்பு மரமாயிட்டாக!"

தாய்மாமரம் என்று அச்சாகியிருந்தது.

என் விரல்களுக்குத் தெரியாத சொல் 'மாமர்'. தெரிந்த சொல் 'மாமரம்'. அவை பாட்டுக்கு முடித்து வைத்துவிட்டன. மாமரம் என்பது நல்ல தமிழ்ச் சொல்தானே, என் கண்ணும் நம்பிவிட்டது. முந்நூறு பத்திரிகையும் காரியாபட்டி வட்டாரம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டன.

அவர் பத்திரிகையை வாங்கிப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. சத்தம் ஏறாமல் கேட்டார்.

"நான் எதுல இருந்து தப்பிச்சு வந்தேன்னு உங்களுக்குத் தெரியும்ல ஆபரேட்டரே?"

"தெரியும்."

"அங்கனயே கொண்டுபோய் நட்டுட்டீகளே."

நான் அழுதேன். மூன்று வருடத்தில் ஆயிரம் பிழை செய்திருப்பேன், ஒன்றுக்கும் அழுததில்லை. மனிதர்களை 'அது' என்பது பிழை என்று மிஷின்மேல் ஒட்டி வைத்தவரை நானே ஊரறிய அஃறிணையாக்கிவிட்டேன். திரும்ப அடித்துத் தருகிறேன் என்றேன். "ஊரு படிச்சு முடிச்சிருச்சு" என்றார்.

அன்று மாலையே தங்கை போன் செய்தாள். ஊர் சிரிப்பதாகவும், மாமனார் சித்தப்பா மகனுக்கே வேட்டி எடுத்துவிட்டதாகவும் சொல்லி அழுதாள். "நீ வரவே வேண்டாம்ணே, வந்தா இன்னும் அசிங்கம்" என்றாள். அவர் "சரி தாயி" என்று மட்டும் சொன்னார். போனை வைத்துவிட்டு, மீதியிருந்த லேபிள்களை எல்லாம் புரூப் பார்த்து முடித்தார். அதில் ஒரு பிழைகூடத் தப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் என் வீட்டு வாசலில் நின்றார். அதே வெள்ளைச் சட்டை. முடி வெட்டவில்லை, கம்மல் கழற்றவில்லை. ஒரு பையில் குழந்தைக்குப் பட்டுப்பாவாடை, தங்கத் தோடு, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு.

"கிளம்புங்க" என்றார்.

"நான் எதுக்கு புரூப்பு?"

"நட்டவுக தண்ணி ஊத்த வேண்டாமா?"

விருதுநகரில் பஸ் மாறிக் காரியாபட்டி போய்ச் சேர்ந்தோம். கோயில் ஊருக்கு வெளியே. நாங்கள் போனபோது மொட்டை முடிந்து, தலையில் சந்தனம் பூசிய குழந்தையைச் சித்தப்பா மகன் மடியில் வைத்திருந்தார்கள். அது வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். தங்கை எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் போனாள்.

அவளுடைய மாமனார் மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தார். "பாருங்கப்பா, பத்திரிகையில போட்டது சரியாப் போச்சு. மரம் வந்திருக்கு" என்றார்.

கூட்டம் சிரித்தது. பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு, ஆண்கள் பக்கம் ஒரு சிரிப்பு. அவர் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். சட்டைப் பையிலிருந்து பத்திரிகையை எடுத்து விரித்துக் காட்டினார்.

"ஆமாய்யா, பத்திரிகைப்படிதான் வந்திருக்கேன். மாமன்னு போட்டிருந்தா நீங்க கேக்கலாம், வேட்டி எங்க, கிராப்பு எங்க, கம்மல் எதுக்குன்னு. நியாயம். இதுல மாமன்னு போடலையே. மரம்னு போட்டிருக்கு. மரத்துக்கிட்ட என்னத்தக் கேப்பீக? ஆம்பளை மரமா பொம்பளை மரமான்னா?"

பத்திரிகையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"மரத்துல பிள்ளை ஏறுறதுக்கு எந்த ஊர்லயும் முறை பாக்க மாட்டாக. நான் பாட்டுக்கு இங்கன இருக்கேன். ஏறுற பிள்ளை ஏறட்டும்."

பையை ஓரமாக வைத்துவிட்டு, சித்தப்பா மகனுக்கு நேர் எதிரே மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதுகு நேராக இருந்தது. இரண்டு கையையும் மடிமேல் விரித்து வைத்துக்கொண்டார்.

மாமனார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தங்கை நடந்து வந்துவிட்டாள். சித்தப்பா மகன் மடியில் அலறிக்கொண்டிருந்த தன் மகளை இரண்டு கையாலும் தூக்கினாள். "வாடா ராசா" என்றாள். "வா, நம்ம மரத்துல ஏறிக்குவோம்."

குழந்தையை அவர் மடியில் இறக்கினாள். குழந்தை அழுகையை நிறுத்திவிடவெல்லாம் இல்லை. அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு இன்னும் சத்தமாக அழுதது. ஆசாரிதான் பெரிய மனிதர். "நல்ல நேரம் போயிரும், தலையைப் பிடிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் வந்து குனிந்தார். அவர் குழந்தையின் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டார். இரண்டு காதும் குத்தி முடிந்து ஆசாரி எழுந்த பிறகும் திறக்கவில்லை.

மாமனார் சாப்பிடாமல் வீட்டுக்குப் போய்விட்டார். போகட்டும். நாங்கள் கறிச்சோறு சாப்பிட்டோம். தங்கைதான் பரிமாறினாள். "இன்னும் கொஞ்சம் வச்சுக்கோங்க" என்று அவரிடம் சொன்னாள். அண்ணே என்று சொல்லவில்லை. அவர் இலையைப் பார்த்தபடியே, "வையி தாயி, வையி" என்றார்.

திரும்பி வரும்போது எஞ்சின் பெட்டிமேல் இருந்த அவரிடம், "அப்ப என் பிழை சரியாப் போச்சுல்ல?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"பிழை பிழைதான்" என்றார். "திணை வழு. இன்னொருக்க இப்படி அடிச்சீகன்னா கையை ஒடிப்பேன்."

அந்தக் குழந்தைக்கு இப்போது காதில் நாலு துளை, கல்லூரிக்குப் போகிறாள். எனக்கு மாமாவும் இல்லை அத்தையும் இல்லை, ஒரு மரம் இருக்கிறது என்று அவள் தோழிகளிடம் சொல்வாளாம். அவரை நேரிலும் 'மரம்' என்றுதான் கூப்பிடுகிறாள். "மரம் சாப்பிட்டாகளா?" என்பாள். அந்தத் திணை வழுவை அவர் இன்றுவரை திருத்தவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை, நான் வேலைக்குப் போனபோது என் கீபோர்டின் மேல் அந்தக் காதுகுத்துப் பத்திரிகை கிடந்தது. 'தாய்மாமரம்' என்ற சொல்லில் கடைசி இரண்டு எழுத்தும் சிவப்பில் அடிக்கப்பட்டிருந்தன. ஓரத்தில் 'ர்' என்று திருத்தம் எழுதி, அதையும் அடித்திருந்தார். பிறகு, அந்த முழுச் சொல்லுக்கும் கீழே, ஒன்றுவிடாமல் வரிசையாகப் புள்ளி வைத்திருந்தார்.

பக்கத்தில் எழுதியிருந்தார்: இருக்கட்டும்.